அந்த அலுமினிய புரொப்பல்லரைக் கழற்றுங்கள்

வீட்டிலேயே விமானம் கட்டுபவர்களுக்குக் கடந்த இதழில் ஒரு கட்டுரையாளர் யோசனை சொல்லியிருந்தார். 80 குதிரைத்திறன் எந்த இன்ஜினிலிருந்து வந்தாலும் 80தானாம். அதே திறனுள்ள ரோட்டாக்ஸ் இன்ஜின் 68 அங்குல புரொப்பல்லரைச் சுழற்றும்போது ஃபோக்ஸ்வேகன் இன்ஜின்காரர்கள் 54 அங்குலத்தோடு நிற்பது வெறும் பழக்கமாம். பழைய பயிற்சி விமானத்திலிருந்து கழற்றிய அலுமினிய புரொப்பல்லரை வாங்கி, நுனியை அறுத்து மாட்டிக்கொண்டால் இழுவையும் கூடும், மரத்தோடு மாரடிக்கும் வேலையும் மிச்சம் என்கிறார். படித்ததும் கோபம் வந்தது. இதை நம்பி யாராவது ரம்பத்தைக் கையில் எடுத்துவிடுவார்களே என்ற பயமும் வந்தது. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் உண்மையான பாதி ஒன்று உண்டு. பெரிய வட்டம் நல்லது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். ரேங்கினும் ஃப்ரூடும் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்கு எழுதி வைத்துவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி, ஒரே திறனில் 54 அங்குலத்திலிருந்து 68க்குப் போனால், நின்ற நிலையில் இழுவை 17 சதவீதம்வரை கூட இடமுண்டு. கட்டுரையாளர் இதை மட்டும் பிடித்துக்கொண்டார். “ஒரே திறனில்” என்ற நிபந்தனையை விட்டுவிட்டார்.

விசிறி ஒன்றைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை, சுற்றின் இருமடியாகவும் விட்டத்தின் ஐந்தாம் மடியாகவும் ஏறும். 54லிருந்து 68க்குப் போவது பார்வைக்கு 14 அங்குலம். ஆனால் அதே வடிவமுள்ள புரொப்பல்லர் என்றால், அதே சுற்றில் மூன்று மடங்குக்கு மேல் முறுக்குவிசை கேட்கும். சோனெக்ஸ் நிறுவனத்தின் ஏரோவீ இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 2180 சிசி ஃபோக்ஸ்வேகன் வழி வந்தது, நிமிடத்துக்கு 3400 சுற்றில் 80 குதிரைத்திறன். அதற்கு 54 அங்குலம் பொருத்தமாக இருந்தது என்றால், 68ஐ மாட்டியதும் சுமார் 1900 சுற்றிலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். 1900 சுற்றில் அந்த இன்ஜின் தருவது ஏறத்தாழ 45 குதிரைத்திறன். மீதி 35? அது விளம்பரத் தாளிலேயே தங்கிவிட்டது. புரொப்பல்லர் எந்தச் சுற்றுவரை போகவிடுகிறதோ, அந்த அளவு திறன்தான் இன்ஜினிடம் உண்டு.

அப்படியானால் ரோட்டாக்ஸ் எப்படிச் சுழற்றுகிறது? அதன் முன்னால் கியர் பாக்ஸ் இருக்கிறது. கட்டுரை முழுக்கத் தேடினேன், அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை. 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 உச்சமாக 5800 சுற்று சுற்றும். 2.273க்கு 1 என்ற கியர் அதை இறக்கி, புரொப்பல்லருக்கு 2550 சுற்றுதான் கொடுக்கும். ஃபோக்ஸ்வேகனில் புரொப்பல்லர் நேராகக் கிராங்க் ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கிறது. ரைட் சகோதரர்கள்கூட 1903இல் 12 குதிரைத்திறன் இன்ஜினை வைத்துக்கொண்டு, எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு புரொப்பல்லர்களைச் செயின் போட்டு, இன்ஜின் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் சுழற்றினார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்ட விஷயத்தை மறைத்துவிட்டு ஒப்பீடு செய்வது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் பிளேடு முன்னேற வேண்டிய தூரத்தை, குறைத்தால் 3400 வரை ஏற்றிவிடலாமே என்று அவர் பதில் சொல்லக்கூடும். ஏற்றிப் பாருங்கள். 68 அங்குல நுனி அப்போது நொடிக்கு 307 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு. அந்த எல்லையில் திறன் சத்தமாகத்தான் வெளியே போகும். பிட்ச்சை 24 அங்குலத்துக்கு இறக்கினால், மணிக்கு 124 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு பிளேடுக்குக் காற்றில் பிடிமானமே பெரிதாக இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் காசுக்கும் வேகத்துக்கும் வரும் நஷ்டம். அறுத்த அலுமினியம் வேறு ரகம்.

நான்கு சிலிண்டர் இன்ஜின், சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 3400 சுற்றில் நொடிக்கு 113 அடி. ஒவ்வொரு அடியும் கிராங்க் வழியாக பிளேடுக்குப் போகிறது. பிளேடுக்கென்று ஓர் இயல்பான அதிர்வு உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் உலோகம் களைத்து உடையும். மரம் அந்த அதிர்வைத் தனக்குள்ளேயே வாங்கி அடக்கிவிடும், அலுமினியம் மணி மாதிரி அதிரும். அதனால்தான் உலோக புரொப்பல்லருக்கு அங்கீகாரம் தரும்போது, எந்த இன்ஜினோடு என்பதையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். பைப்பர் செரோக்கி 180இல் ஏறிப் பாருங்கள்: 2150க்கும் 2350க்கும் இடையில் தொடர்ந்து ஓட்டாதே என்று எழுதியிருக்கும். விமானத்துக்கென்றே செய்த இன்ஜின், அதற்கென்றே சோதித்த புரொப்பல்லர், அதற்கே இந்தத் தடை. நுனியை அறுத்த கணத்தில் பிளேடின் அதிர்வு இடம் மாறிவிடுகிறது. எங்கே போய் உட்கார்ந்தது என்று கட்டுரையாளருக்குத் தெரியுமா? அளந்தாரா? அளந்ததாக ஒரு வரிகூட இல்லை.

அலுமினியத்தின் எடையைத் தாங்கப்போவது எது என்றும் அவர் பார்க்கவில்லை. அலுமினியம் அதே அளவு பர்ச் மரத்தைப் போல நான்கு மடங்கு கனம். பெரும்பாலான ஃபோக்ஸ்வேகன் மாற்றங்களில் புரொப்பல்லர் ஹப் ஏறுவது கிராங்க்கின் புல்லி முனையில். காரில் அந்த முனையின் வேலை ஃபேன் பெல்ட்டை இழுப்பது மட்டும். அங்கே உள்ள பேரிங்கும் ஒல்லியானது. விமானம் மூக்கைத் தூக்கும்போதும் திரும்பும்போதும், சுழலும் கனம் தன் திசையை விடமாட்டேன் என்று அந்த முனையை வளைக்கும். அப்படி உடைந்த ஒரு கிராங்க்கை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஹப்பைப் பூட்டும் சாவிப்பள்ளத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைவு வளைவாக விரிசல் முன்னேறியிருந்தது. கடைசி ஒரு பங்கு மட்டும் சொரசொரப்பாக, ஒரே நொடியில் பிளந்திருந்தது. அந்தக் கோடுகள் உருவான நாட்களிலெல்லாம் அந்த ஆள் எதுவும் தெரியாமல் பறந்துகொண்டிருந்தார். தரையில் ஓடும்போது உடைந்ததால் பிழைத்தார்.

மரத்துக்குத் தொல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. மழையில் முன்விளிம்பு தேயும். பருவம் மாறும்போது மரம் சுருங்கும், போல்ட் தளரும். டார்க் ரெஞ்ச் எடுத்து மறுபடி முறுக்க வேண்டும். கழற்றிப் பார்க்கும்போது ஹப் உட்காரும் இடத்தில் மரம் கருகியிருந்தால், தளர்ந்து உரசியிருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேர வேலை இது. மரம் எளிதில் உடையும் என்று குறை சொல்கிறார். ஆமாம், உடையும். புரொப்பல்லர் தரையில் அடித்தால் மரம் சிதறி, அடியின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். அலுமினியம் அதை அப்படியே கிராங்க்குக்கு அனுப்பும். மூன்று பிளேடு அழகு என்று அவர் கடைசியில் சேர்த்ததற்குப் பதில் தேவையில்லை. இந்த இன்ஜினுக்கு அது எடை மட்டுமே.

தேர்வு செய்யும் வழி பழையதுதான். இன்ஜின் செய்தவர் சொன்ன விட்டத்தில், மரத்தில் வாங்குங்கள். பாதுகாப்பான உயரத்தில் மட்டமாகப் பறந்து முழு த்ராட்டில் கொடுக்கும்போது சுற்றுமானி 3400ஐத் தொட வேண்டும். 3000இலேயே நின்றால் பிட்ச் அதிகம், 3400ஐத் தாண்டி ஓடினால் குறைவு. புரொப்பல்லர் செய்பவரிடம் அந்த எண்ணைச் சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே அறுத்து மாட்டியவர்கள் இருந்தால், ஒரு வேண்டுகோள். இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதைக் கழற்றுங்கள், கிராங்க்கையும் வெளியே எடுத்து, சாவிப்பள்ளத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கக் கொடுங்கள்.