தாமதமாக வராத அண்ணன்

அழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார் என்று மதுரைக்காரர் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் சீர்வரிசையோடு அழகர்மலையை விட்டுப் புறப்பட்டார். வழிநெடுக மண்டகப்படி மண்டகப்படியாக நின்றதில் நேரம் போய்விட்டது. வைகைக்கு வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது என்று சேதி வந்தது. கோபம் பொத்துக்கொண்டு வர, ஊருக்குள் கால் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியூருக்குப் போய்விட்டார். மதுரையின் மேற்குப் பக்கத்துக் கோச்சடையில் பாட்டி பேரனுக்கு இதைத்தான் சொல்கிறாள். தொலைக்காட்சி வர்ணனையாளரும் இதைத்தான் சொல்கிறார். சித்திரை வந்தால் பத்திரிகைகளும் தவறாமல் இதை அச்சிடுகின்றன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லும் புராணமும் நாட்காட்டியும் கோயிலின் நிகழ்ச்சி நிரலும் இந்தக் கதைக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

முதலில் கல். மீனாட்சியம்மன் கோயிலில் கொடிமரம் நிற்கும் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. நடுவில் நாணித் தலைகுனிந்த மீனாட்சி, பக்கத்தில் சொக்கர், மறுபக்கம் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுத்துத் தாரை வார்க்கும் திருமால். மதுரைப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை அச்சான படம் அது. அண்ணன் தாரை வார்க்கும் படத்தைப் பத்திரிகையின் முகப்பில் போட்டுவிட்டு, அண்ணன் கல்யாணத்துக்கே வரவில்லை என்று பந்தியில் உட்கார்ந்து பேசுகிற ஊர் மதுரையாகத்தான் இருக்கும்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமும் அதையே சொல்கிறது. திருமணப் படலத்தில் தாரை வார்ப்பவர் திருமால். இவை பழைய நூலிலும் பழைய தூணிலும் மட்டும் உள்ளவை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆண்டுதோறும் திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் தெய்வானையோடு வருகிறார். கூடவே அந்தக் கோயிலின் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகிறார். மேடையில் அமர்ந்து தாரை வார்த்துக் கொடுப்பவர் அவர்தான். பெண்வீட்டுச் சார்பில் வரவேண்டிய பெருமாள் நேரத்துக்கு வந்து, தன் வேலையை முடித்துத் திரும்பிவிடுகிறார். அவர் இருக்கும்போதே இன்னொரு அண்ணனைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓட என்ன அவசியம்?

அடுத்து நாட்காட்டி. தாமதம் என்றால் ஒரு அளவு வேண்டும் அல்லவா? 2022இல் திருக்கல்யாணம் ஏப்ரல் 14, அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 16. 2023இல் மே 2, மே 5. 2024இல் ஏப்ரல் 21, ஏப்ரல் 23. 2025இல் மே 8, மே 12. ஒரு வருஷம் இரண்டு நாள், மறு வருஷம் மூன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு. இப்படி ஏறி இறங்கும் தாமதத்துக்கு எந்த மண்டகப்படி காரணம்? காரணம் எளிது. அழகர் சித்திரா பௌர்ணமியன்று ஆற்றில் இறங்குகிறார். மீனாட்சி கோயில் திருவிழா தன் கொடியேற்றத்திலிருந்து தனிக் கணக்கில் போகிறது. திருக்கல்யாணம் அதில் பத்தாம் நாள். இரண்டு கோயில்களும் இரண்டு தனித்தனி அழைப்பிதழ் அச்சிடுகின்றன.

இன்னும் ஒன்று. 2025இல் அழகர் மலையிலிருந்து புறப்பட்டதே மே 10 மாலைதான். கல்யாணம் முடிந்து இரண்டு நாள், தேரோட்டம் முடிந்து ஒரு நாள். தங்கைக்குத் தாலி ஏறி இரண்டு நாள் கழித்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர், வைகைக் கரையில் வந்து நின்று "முடிஞ்சிருச்சா?" என்று அதிர்ந்தார் என்றால் அழகரை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

அப்படியானால் அவர் எதற்குத்தான் வருகிறார்? ஒரு தவளைக்காக. சுதபஸ் என்ற முனிவர் அழகர்மலையில் நூபுர கங்கையில் நீராடிக்கொண்டிருந்தார். துர்வாசர் வந்ததை அவர் கவனிக்கவில்லை. மதிக்கவில்லை என்று துர்வாசருக்குக் கோபம். தவளையாகப் போ என்று சபித்துவிட்டார். சாபம் தீர வைகைக் கரையில் தவமிருந்த அந்த மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் அழகர் மலையிறங்கி வருகிறார் என்பது கோயில் மரபு. இதுவும் கதைதான், வரலாறு இல்லை. ஆனால் திருவிழா இந்தக் கதையின்படிதான் நடக்கிறது. ஆற்றில் இறங்கிய மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் அழகர் முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கிறார். கல்யாணத்துக்கு வந்தவர் என்ற கதைக்கு நிகழ்ச்சி நிரலில் ஒரு வரிகூடக் கிடையாது.

வண்டியூர்ப் பக்கம் ஆற்றுக்குள் நிற்கும் மண்டபத்துக்குத் தேனூர் என்று பெயர் வந்தது ஏன்? தேனூர் அங்கே இல்லை. கோச்சடையிலிருந்து மேலக்கால் சாலையில் மேற்கே போனால் துவரிமான். ஆற்றுக்கு அக்கரையில், சமயநல்லூர்ப் பக்கம், தேனூர். மண்டபம் நகருக்குக் கிழக்கே, ஊர் நகருக்கு மேற்கே. அழகருக்காக வைகை அணையில் திறந்துவிடுகிற தண்ணீர் தேனூரைத் தாண்டி, கோச்சடையைத் தொட்டு, அதன் பிறகுதான் மதுரைக்குள் வருகிறது. அழகரின் விழாவும் அதே வழியில் கீழே இறங்கி வந்ததுதான். முன்பு அழகர் ஆற்றில் இறங்கியது தேனூரில். மண்டூகருக்கு மோட்சம் கொடுத்ததும் அங்கேதான். மதுரைக்கும் மீனாட்சிக்கும் அந்த விழாவில் வேலையே இருக்கவில்லை.

மாற்றியவர் திருமலை நாயக்கர் (1623–1659). மீனாட்சியின் கல்யாணமும் தேரும் அதற்கு முன் மாசியில் நடந்தன என்பது மரபு. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் சுற்றிவருகிறது என்பதைப் பார்த்தாலே ஏதோ இடம் மாறியிருக்கிறது என்பது புரியும். மாசி அறுவடைக் காலம். பெரிய தேர்களை இழுக்க ஆள் வேண்டும், கூட்டம் வேண்டும். சைவ விழாவைச் சித்திரைக்கு இழுத்து, தேனூர் விழாவை மதுரைக்கு இழுத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார் நாயக்கர். சைவ வைணவ ஒற்றுமைக்காகச் செய்தார் என்று பாடப்புத்தகத் தொனியில் சொல்வார்கள். இருக்கலாம். தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றிய ஒரு அரசர், சுற்றுப்பட்டுக் கிராமத்து உழவர்களையும் கள்ளர் நாட்டு மக்களையும் தன் நகரத்துக்கு ஆண்டுக்கொரு முறை வரவைப்பதில் பக்தி மட்டுமே கண்டார் என்று நம்புவதுதான் கொஞ்சம் கடினம்.

பக்கம் பக்கமாக வைத்தாரே தவிர, ஒன்றாக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன் 1982இல் வெளியான தம் கட்டுரைக்கு வைத்த தலைப்பே மதுரையில் இரண்டு சித்திரைத் திருவிழாக்கள் என்ற பொருளில்தான். தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட 'அழகர் கோயில்' ஆய்வில் இந்தக் கோயிலையும் அதைச் சுற்றி வாழும் சமூகங்களையும் விரிவாக எழுதிவைத்தார். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த நூல் தமிழிலேயே கிடைக்கிறது. கோபித்துக்கொண்ட அண்ணனோ இன்னும் கோபமாகவே இருக்கிறார்.

கோபம் என்றால் என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போவார்கள். அழகர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குகிறார். வெள்ளிக் குதிரையில் வீரராகவப் பெருமாள் எதிர்கொண்டு வரவேற்கிறார். ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி. இரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்கல். மறுநாள் தேனூர் மண்டபம். அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். அடுத்த இரவு தல்லாகுளத்திலிருந்து பூப்பல்லக்கு. அவதாரம் அவதாரமாக உடை மாற்றிக் காட்சி கொடுத்து, பூப்பல்லக்கில் ஊர் பார்த்துக்கொண்டு, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று மெதுவாக மலைக்குத் திரும்புகிறார். இவ்வளவு நிதானமான கோபத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

அவரைப் பார்க்க வருகிற கிராமத்து மக்களும் கல்யாணத்துக்கு மொய் எழுத வருவதில்லை. கருப்பசாமி வேஷம் கட்டித் திரியெடுத்து ஆடுகிறவர், தோப்பறை என்னும் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர், மொட்டை போடுகிறவர், சர்க்கரைச் செம்பில் சூடமேற்றி நீட்டுகிற பெண் எல்லோரும் அழகருக்கு நேர்ந்த நேர்த்திக்கடனைச் செலுத்த வந்தவர்கள். அழகர் இந்த வருஷம் பச்சைப்பட்டு உடுத்தி வந்தாரா என்பதுதான் உழவர்களின் கேள்வி. பச்சை என்றால் வெள்ளாமை செழிக்கும். தாலி எப்போது ஏறியது என்பது அவர்கள் கவலையே இல்லை.

போகட்டும், ஒரு கதைதானே, அண்ணன் தங்கை என்று சொல்லிச் சொல்லியே சைவமும் வைணவமும் ஒட்டின, அதைப் போய் உடைப்பானேன் என்று ஒரு வாதம் எழும். ஆனால் கதை சொல்வது ஒட்டியதை அல்லவே. அண்ணன் வருகிறார், அவமானப்படுகிறார், தங்கையைப் பார்க்காமல் போகிறார். ஒற்றுமைக்குச் சொன்ன கதை என்றால் முடிவில் ஒரு விருந்தாவது வைத்திருக்கலாம். இந்தக் கதையைக் கட்டியவர் ஒற்றுமைப் பிரச்சாரகர் இல்லை. கூர்மையான பார்வையாளர். இரண்டு ஊர்வலங்கள் ஒரே மாதத்தில், ஒரே நகரத்தை ஒட்டி நடக்கின்றன. பெருமாளோ மீனாட்சி வாசலுக்கு வராமல் ஆற்றோடு திரும்பிப் போகிறார். ஏன் என்று யாரோ ஒரு குழந்தை கேட்டிருக்கும். நாயக்கர் போட்ட தையலைப் பார்த்துவிட்டு, அதன் மேல் ஒரு குடும்பச் சண்டையை இழுத்துப் போர்த்தினார் அந்தக் கதைசொல்லி. கதைசொல்லியின் மேல் குற்றமில்லை. தையலை மறந்துவிட்டுப் போர்வையை மட்டும் வருஷாவருஷம் வரலாறு என்று விற்பதில்தான் குற்றம்.

இதில் இழப்பு தேனூருக்கு. வைகைக் கரையில் அந்தக் கிராமம் நடத்திய விழா கைமாறி, நகரத்தின் அடையாளமாகி, கடைசியில் நகரத்துக் கல்யாணத்தின் பின்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. அந்த ஊருக்கு மிஞ்சியது ஆற்றுக்குள் நிற்கும் ஒரு மண்டபத்தின் பெயரும், அங்கே அதற்கு உள்ள மரியாதையும்தான். அந்தப் பெயரையும் கவனிக்க விடாமல் செய்கிறது தாமத அண்ணன் கதை. மண்டூகர் பாடு அதைவிட மோசம். விழாவே அவருக்காக, அவர் பெயர் லட்சம் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கள்ளழகர் கோயில் அச்சிடும் அழைப்பிதழில், தேனூர் மண்டபம், மண்டூக முனிவருக்கு மோட்சம் அளித்தல் என்று நாள் நேரத்தோடு இருக்கிறது. நேரலை வர்ணனையாளர்கள் அந்தத் தாளை எதிரில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அடுத்த சித்திரையில் தங்கை கல்யாணத்தை எடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியை உரக்கப் படிக்கட்டும். தேனூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.