செனாயிலிருந்து சென்னை: வகுத்தால் வருமா நேரம்?

ஊருக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று என்றால் ஜொகூரில் ஒரு கணக்கும் கிளம்பிவிடும். ஸ்கூடாய் மாமாக் கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் யாராவது கைப்பேசியைத் தட்டிச் சொல்லிவிடுவார்: செனாய்க்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 2,880 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகும், வகுத்தால் மூன்றேகால் மணி நேரம்கூட இல்லை. வகுத்தல் சரிதான். பயணத்துக்கும் அதற்கும்தான் சம்பந்தம் இல்லை.

அந்த 900 உயரே போன பிறகுதான் வரும். 10,000 அடிக்குக் கீழே வழக்கமான வரம்பு 250 நாட், மணிக்குச் சுமார் 463 கிலோமீட்டர். சோதித்துப் பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். செனாயிலிருந்து கேஎல்ஐஏ 250 கிலோமீட்டர். வகுத்தால் 17 நிமிடம். அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்! நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்வதிலிருந்து, போன இடத்தில் நிறுத்தப்படுவதுவரை எல்லாம் அட்டவணைக்குள் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்வதும், முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

"கேஎல் போய் மாறுவது சுற்றுவழி, அதனால்தான் இழுக்கிறது" என்பார்கள். உலக உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். செனாய்–சென்னைக் கோடு கேஎல்ஐஏவை ஒட்டியே போகிறது. 250-உம் 2,630-உம் கூட்டினால் அதே 2,880. தூரம் ஏறவே இல்லை; நேரத்தைத் தின்பது அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நாற்காலி. உருண்டைப் பூமியில் வளைந்து பறப்பதால் தாமதம் என்பதும் இங்கே எடுபடாது. லண்டன் வழித்தடத்தில் வரைபடக் கோடு நன்றாக ஏமாற்றும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தத் தடத்தில் அந்த வித்தியாசம் அற்பம்.

கிழக்கே பறந்தால் எப்போதும் சீக்கிரம் என்ற நம்பிக்கையும் உண்டு. வடக்கே, ஜப்பான் பக்கம், பெரும்பாலும் சரி. ஆனால் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. இந்தக் கீழைக் காற்றோடையை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். அதன் உச்சம் விமானங்களுக்கும் மேலே என்றாலும், பறக்கும் உயரத்திலும் அதன் தள்ளல் உண்டு. ஜூலையில் சென்னைக்குப் போகிறவருக்குத்தான் அது முதுகைத் தள்ளும். திரும்புகிறவருக்கு முகத்தில் மோதும்.

டிக்கெட்டில் அச்சான மணியைக் கழித்துப் பார்ப்பவர்கள் இன்னும் குழம்புவார்கள். நான்கு மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். கேஎல்லில் இரவு 10-க்கு ஏறினால் சென்னையில் 11.30, நள்ளிரவு 12.30-க்குத் திரும்பினால் இங்கே காலை 7. போக ஒன்றரை, வர ஆறரை! நடுவில் நிற்பது இரண்டரை மணி நேர வித்தியாசம். பழைய ஆட்கள் இரண்டு மணி என்பதும் தப்பில்லை. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளும்வரை அப்படித்தான்.

சாங்கி வழியாகப் போனால் மாற வேண்டாம், சுமார் 2,920 கிலோமீட்டர், ஒரே பறப்பு. ஆனால் 1924-இல் திறந்த ஜொகூர் பாலத்தைத் தாண்ட வேண்டும். நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அதையும் கணக்கில் வைத்துத்தான் வீட்டைப் பூட்டுகிறார்கள்.