தீயணைப்புச் செலவு யார் தலையில்?

தேசூரில் எங்கள் தெரு முழுக்கத் தறி வீடுகள். எங்காவது தீப்பிடித்தால் தெருவே குடத்தோடு ஓடி வரும், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

சென்னையில் அண்ணன் வாங்கிய ஃப்ளாட்டில் கதையே வேறு. குடியேறி மூன்று வருஷம் ஆகிறது. தீயணைப்புக் குழாய் மாடிக்கு மாடி இருக்கிறது, பம்புதான் முதல் நாளிலிருந்தே ஓடவில்லை. செலவை வீட்டுக்கு வீடு பங்கு போட்டு சங்கம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது!

ஏன் நாம் கொடுக்க வேண்டும்? 2016-ல் வந்த ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படியுங்கள். ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் குறையைச் சொன்னால், கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம்.

லண்டனில் 2017-ல் கிரென்ஃபெல் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதன்பின் மற்ற கட்டடங்களில் தீப்பிடிக்கும் வெளிச்சுவர்ப் பலகைகளை மாற்றும் செலவு, வீடு வாங்கிய அப்பாவிகள் தலையில் விழுந்தது. அவர்களில் பலரைக் காக்கும் சட்டம் வந்தது 2022-ல்தான். நமக்குச் சட்டம் முன்பே இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

என் கட்சி இதுதான். 5 ஆண்டுக்குள் வரும் குறைக்குக் கட்டியவர் பொறுப்பு. அதற்குப் பிறகும், வழக்கமான பராமரிப்புக்கும் வீட்டுக்காரர்கள் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர் தலையில் பம்பு விலையைக் கட்டாதீர்கள்.

இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் ஆள் வராவிட்டால் சங்கமே சரிசெய்துவிட்டு, ரசீதோடு இழப்பீடு கேட்கட்டும். நம் பஞ்சாயத்து முடியும்வரை தீ காத்திருக்காது.