வாரண்டி முடியும் நேரத்தில் என்ஜின் கோளாறு: கார்காரர் கதி என்ன?

செங்கல்பட்டு,-

வாரண்டி முடிய இன்னும் பத்தே நாள். என்ஜினில் "டொக், டொக்" என்று சத்தம். சர்வீஸ் சென்டரில் காட்டினால், "ஒண்ணும் இல்லே சார், ஓட ஓட சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பி விடுகிறார்கள்.

பதினோராவது நாள் போய் நின்றால்? "வாரண்டி முடிஞ்சு போச்சே!" என்று கையை விரிக்கிறார்கள்.

என்ஜினைப் பிரித்தால் செலவு லட்சத்தைத் தொடும். கார் கடனுக்கு மாதத் தவணை வேறு. நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்?

வாரண்டி முடிந்ததும் கார்காரரின் உரிமையும் முடிந்து விடுகிறதா? இல்லை. ஆனால் "வாரண்டிக்குள்ளேயே கோளாறு இருந்தது" என்று காட்ட ஒரு காகிதம் கையில் வேண்டும். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும்.

மறைமலைநகர் கார்

புகார் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது.

மறைமலைநகர் போர்டு தொழிற்சாலையில் செய்த "ஈகோஸ்போர்ட்" கார்கள் கப்பல் ஏறி அமெரிக்கா போயின. 2018 மாடல் முதல் 2022 மாடல் வரை அங்கே விற்பனை ஆயின. அவற்றில் 1 லிட்டர் என்ஜின் பொருத்திய கார்களைப் பற்றி, அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகாவுக்குப் புகார்கள் போயின.

கோளாறு இதுதான்: என்ஜினுக்குள் ஆயில் பம்பை ஓட்டுவது ஒரு பெல்ட். அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கை உடைந்தால் ஆயில் பிரஷர் விழுந்து விடும். என்ஜின் கெட்டு, ஓடும் வண்டி நிற்கும். பிரேக்குக்குக் கிடைக்கும் பவரும் போய்விடும்.

2023 டிசம்பரில் போர்டு கம்பெனி 1 லட்சத்து 39 ஆயிரத்து 730 கார்களைத் திரும்ப அழைத்தது. ஈகோஸ்போர்ட்டோடு, வேறு நாட்டில் தயாரான "போகஸ்" கார்களும் இதில் அடக்கம். பழுது பார்க்கக் கட்டணம் கிடையாது.

அங்கே போர்டு என்ஜினுக்கு வாரண்டி 5 வருடம் அல்லது 60 ஆயிரம் மைல். 2018-ல் வாங்கிய பல கார்களுக்கு அது அப்போதே தாண்டிப் போயிருந்தது. ஆனாலும் இலவசம்!

காரணம், வாரண்டி என்பது கம்பெனி கொடுக்கும் வாக்கு. திரும்ப அழைப்பது பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கடமை. இரண்டும் வேறு வேறு.

நம் நாட்டில் சட்டம் என்ன?

இங்கேயும் சட்டம் வந்து விட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 110-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன.

ஒரே மாடலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகார் சேர்ந்தால், 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவு போடலாம். கம்பெனிக்கு அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகும்.

ஆனால் இது பாதுகாப்புக் கோளாறுக்கு. அதுவும் பல பேர் புகார் செய்தால்தான் நடக்கும். தனி ஒருவரின் கார் மட்டும் தகராறு செய்தால்? அவருக்கு வழி, நுகர்வோர் ஆணையம்.

2 வருட அவகாசம்

புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்தது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். ஆக, வாரண்டிக்குள் புகார் கொடுத்து அதைக் கம்பெனி தட்டிக் கழித்தால், வாரண்டி தேதி போன பிறகும் வழக்குப் போடலாம்.

காரை சென்னையில் வாங்கியிருந்தாலும் பரவாயில்லை. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போட இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

காரின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைக்காமல் தானே வாதாடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் புகாரைப் பதிவு செய்யலாம்.

டாக்சிக்காரர் நிலை

மாமல்லபுரத்துக்கு டூரிஸ்டுகளை ஏற்றி வரும் டாக்சிக்காரர்கள் பாடு இன்னும் மோசம்.

பல கார்களுக்கு வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோ மீட்டர். எது முந்துகிறதோ அதோடு சரி. விமான நிலையத்தில் இருந்து மாமல்லபுரம் சுமார் 50 கிலோ மீட்டர். தினம் இரண்டு தடவை போய் வந்தால் 200 கிலோ மீட்டர். 500 நாளில் லட்சம் தாண்டி விடும்! காலண்டரைப் பார்த்துக் கொண்டிருந்தால் ஏமாந்து போவார்கள். மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

"டாக்சி வியாபார வண்டியாச்சே, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?" என்ற சந்தேகம் உண்டு. தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டிரைவரும் நுகர்வோர்தான் என்று சட்டம் சொல்கிறது. பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்கு அந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

சத்தம் வந்ததும் "புது கார் கொடு" என்று கேட்டால் கிடைக்குமா? எளிதில் கிடைக்காது.

2006-ல் மாருதி கார் வழக்கு ஒன்றில், வாரண்டியில் "பழுதான பாகத்தை மாற்றித் தருவோம்" என்றுதான் இருக்கிறது. அதற்காக முழு காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

2010-ல் பியட் கார் வழக்கு வந்தது. அதிலும் என்ஜின் சத்தம்தான் தகராறு. சுயேச்சையான நிபுணர் சோதித்து, தயாரிப்பிலேயே கோளாறு என்று சொன்னால், காரின் விலையை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது.

ஆக, நிபுணரின் சர்டிபிகேட்தான் வழக்கின் உயிர். நுகர்வோர் ஆணையமே சோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

செய்ய வேண்டியவை

வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே வண்டியைக் காட்டி விடுவது நல்லது.

ஜாப் கார்டில் கோளாறை எழுதச் சொல்ல வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் விடக் கூடாது. "காலையில் ஸ்டார்ட் செய்ததும் சத்தம், ஆயில் குறைகிறது" என்று விவரமாக இருக்க வேண்டும். தேதி, கிலோ மீட்டர், கையெழுத்து முக்கியம். நகலை வாங்காமல் நகரக் கூடாது.

ஆயில் குறைந்தால் அதற்கென்று சோதனை உண்டு. குறி வரை ஆயில் ஊற்றி சீல் வைத்து, குறிப்பிட்ட தூரம் ஓட்டிய பின் அளப்பார்கள். அளவை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எழுதித் தர மறுத்தால், டீலருக்கும் கம்பெனிக்கும் அதே நாளில் இ-மெயில் அனுப்ப வேண்டும். கூடவே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். சத்தத்தை செல்போனில் மீட்டர் தெரியும்படி படம் எடுத்து வைக்கலாம்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால், "நீங்க ஓட்டிக் கெடுத்தீங்க" என்று கம்பெனி தப்பித்துக் கொள்ளும். சர்வீஸ் தேதி தவறியிருந்தாலும் அதே கதைதான். பில்கள் பத்திரம்!

மழை வெள்ளத்தில் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் அது வாரண்டியில் வராது. அது இன்சூரன்ஸ் விவகாரம். அதிலும் என்ஜினுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் கிடைக்கும். இந்த இரண்டையும் குழப்பிக் கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

மறுபடியும் என்ஜின்

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக போர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகரில் 2022-ல் உற்பத்தி நின்றது. பிறகு 2025 அக்டோபரில், அதே இடத்தில் 3 ஆயிரத்து 250 கோடி ரூபாயில் என்ஜின் தயாரிக்கப் போவதாகக் கூறியது. 2029-ல் உற்பத்தி தொடங்கும் என்றும், ஆண்டுக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் என்ஜின் தயாராகும் என்றும் அறிவிப்பு.

எந்தக் கம்பெனி என்ஜின் ஆனாலும், லட்சத்தில் ஒன்று தகராறு செய்யத்தான் செய்யும். அந்த ஒன்று யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தேதி போட்ட ஜாப் கார்டு ஒன்று பீரோவில் இருந்தால், அந்தக் கார்காரர் தலையில் துண்டைப் போட்டுக் கொள்ள வேண்டியதில்லை.