மலிவு மட்டும் காரணமல்ல: மின்னியல் விளையாட்டுக் கடையை நம் இளைஞர்கள் தேர்ந்தெடுப்பது எதனால்?

மாக் மண்டின்: தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் இளைஞருக்கு, கணினி விளையாட்டு ஒன்றுக்கு 100 ரிங்கிட் கொடுப்பது சிறிய செலவல்ல. அதே விளையாட்டு ஸ்டீம், எப்பிக் கேம்ஸ், ஜிஓஜி எனப் பல இணையக் கடைகளில் கிடைக்கிறது. ஆனாலும் பலர் ஒரே கடையைத்தான் நாடுகிறார்கள். ஏன்?

முதல் காரணம், பணம் கட்டும் வழி. கடன் பற்று அட்டை இல்லாத வீடுகள் தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கின்றன. இந்தத் தேவையைப் புரிந்துகொண்டு வளர்ந்தது மலேசியரான கணேஷ் குமார் பங்கா உருவாக்கிய எம்ஓஎல் நிறுவனம். செவன் இலெவனிலும் சைபர் கஃபேக்களிலும் ரொக்கம் கொடுத்து அதன் புள்ளிகளை வாங்க முடிந்தது. 2014இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை சென்ற அந்நிறுவனத்தை 2018இல் ரேசர் வாங்கியது. கையில் இருக்கும் பணத்தை ஏற்கும் கடைக்கே வாடிக்கையாளர் போவார் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது, பழக்கம். ஸ்டீம் 2003இல் தொடங்கியது. எப்பிக் கடை 2018 டிசம்பரில்தான் வந்தது. விளையாட்டைத் தயாரிப்பவரிடம் ஸ்டீம் பொதுவாக 30 விழுக்காடு பெறுகிறது. எப்பிக் பெறுவது அதிகபட்சம் 12 விழுக்காடுதான். ஆனால் அந்த வித்தியாசம் வாங்குபவரின் விலையில் எப்போதும் தெரிவதில்லை. எப்பிக் வாராவாரம் இலவச விளையாட்டு தருகிறது. 2020 மே மாதத்தில் ஜிடிஏ 5ஐயே இலவசமாகத் தந்தது. இருந்தும், இலவசத்தை அங்கே எடுத்துக்கொண்டு பணத்தை ஸ்டீமில் செலவழிப்பவர்கள் உண்டு. நண்பர்களும், முன்பு வாங்கிய விளையாட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன.

மூன்றாவது, நம்பிக்கை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியாரிடம் மலிவாக வாங்கும் குறியீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆனால் ஒரே கடையை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 2017 செப்டம்பரில், தெய்வங்கள் மோதிக்கொள்வதாகக் காட்டிய ஒரு விளையாட்டுக்காக மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் ஸ்டீமுக்குத் தடை விதித்தது. அந்த விளையாட்டு மலேசியாவில் நிறுத்தப்பட்ட பிறகே கடை மீண்டும் திறந்தது. அதோடு சம்பந்தமில்லாதவர்களும் பாதிக்கப்பட்டார்கள். அதுமட்டுமல்ல, நாம் வாங்குவது விளையாட்டை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தைத்தான் என்று 2024 முதல் ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் சொல்கிறது. ஜிஓஜியில் வாங்கினால், கோப்பைப் பதிவிறக்கி நம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020இல் 6 விழுக்காடாக வந்த சேவை வரி, 2024 மார்ச்சில் 8 விழுக்காடானது. ஒவ்வொரு ரிங்கிட்டும் கணக்குதான். எனவே பிள்ளைகள் பணம் கேட்கும்போது பெற்றோர் விலையோடு நிறுத்திவிடக் கூடாது. பணம் திரும்பக் கிடைக்குமா, கடை மூடினால் வாங்கியது மிஞ்சுமா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு அனுமதி கொடுப்பது நல்லது.