மண்ணுக்குச் சோறு போட விதை கொடு!

தலத்தெரு விவசாயப் பெருமக்களே!

1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்சு, 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டில் உலகத்துக்கே சொன்னது: மண்ணில் இருக்கும் கரிமத்தோடு ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 4 பங்கு கூட்டுங்கள், காத்துல ஏறும் கரியமிலவாயுவை ஈடுகட்டலாம் என்று. நல்ல பேச்சுதான். எதை வச்சுக் கூட்டுறது? தொழுவத்தில் மாடு குறைஞ்சு எரு போச்சு. வைக்கோலும் கட்டுக்கட்டாக லாரி ஏறுது.

கரிமம் அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் 'குறைவு' என்று மண்வள அட்டையில் அச்சடிக்கிறார்கள். அட்டையை மடக்கி உழ முடியுமா? ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருவாயில், 45 நாளில், மடக்கி உழுதால் தழைச்சத்தும் கரிமமும் சேரும். நம்ம கடைமடை உப்பையும் அது தாங்கும்.

புகை கக்கியவன் எவனோ, கடல் ஏறினால் உப்புத்தண்ணி குடிப்பது நம்ம வயல்! அரசே, சித்திரைக் கோடைமழைக்கு முன்னாடியே விதையை இலவசமாகக் கொடு! ஆத்துல தண்ணி வந்தப்புறம் கொடுத்து என்ன பயன்?