பட்டமும் பயிற்சியும்

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும், அடுத்து மக்களை எதில் சேர்ப்பது என்ற கேள்வி சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் இல்லங்களில் எழுகிறது. வானொலி, தொலைக்காட்சிப் பொறியியலை விரும்பும் பிள்ளைகளும் நம்மிடையே உளர். திருப்பதியில் ஆகாசவாணி நிலையம் உண்டு. தேவஸ்தானம் 2008-இல் தொடங்கிய வேங்கடேஸ்வரா பக்தி சேனல், 2017 முதல் தமிழிலும் ஒளிபரப்புகிறது. ஆகவே அவ்விருப்பம் எட்டாக்கனி அன்று.

இத்தொழிலுக்குக் கைத்திறன் போதாதா, பட்டம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. 1924-இல் சென்னையில் வானொலிக் கழகம் கண்டு, அவ்வாண்டே ஒலிபரப்பும் நடத்தினார் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். தொழிலே அரும்பிய காலம் அது. செய்து காட்டியவரே வல்லுநர். இன்றோ மத்திய அரசின் ஒலிபரப்புப் பொறியியற் பதவிகளுக்கு விண்ணப்பிக்கும்போதே பட்டமோ பட்டயமோ கேட்கப்படுகிறது. அஃதில்லையேல் கைத்திறனைக் காட்டவும் வாய்ப்புக் கிட்டாது.

எனினும் எல்லாச் சான்றிதழும் ஒரே மதிப்புடையன அல்ல. 1953-இல் தோன்றிய மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியாளர் கழகத்தின் தேர்வு, பணியாற்றிக்கொண்டே பயின்றோர்க்குப் பட்டத்துக்கு நிகராய் உதவி வந்தது. ஆனால் 2013 மே 31 வரை பதிவு செய்தோர்க்கே அந்நிகர்மதிப்பு உண்டென மத்திய அரசு வரையறுத்துவிட்டது. எனவே எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டுமுன், அதன் சான்றிதழ் இன்று எந்த வேலைக்கு ஏற்கப்படுகிறது என்று எழுத்து மூலம் கேட்டறிவது பெற்றோர் கடன். நகையை அடகு வைத்துச் சேர்த்தபின் வருந்திப் பயனில்லை.

எளிய குடும்பங்களுக்கு ஏற்ற வழி ஒன்றுண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிசெட் தேர்வெழுதி மின்னணுவியலில் மூன்றாண்டுப் பட்டயம் பெறலாம். திருப்பதியிலேயே அரசினர் பாலிடெக்னிக் உள்ளது. அதன்பின் ஈசெட் தேர்வின் வழியே பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். இடையில் குடும்பச் சூழ்நிலையால் படிப்பு நின்றாலும் பட்டயம் கைவிடாது. பெண்மக்களுக்கும் இவ்வழி திறந்தே உள்ளது.

பட்டம் பெற்றதோடு கல்வி முடிந்ததென்று எண்ணலாகாது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. அவற்றை மட்டுமே அறிந்தவர் புதிதாய்க் கற்கவேண்டியவராயினர். கணினி வலையமைப்பையும் டிஜிட்டல் முறைகளையும் இளைஞர் இப்போதே பழகுவாராக. பன்னிரண்டு வயது நிறைந்தோர் எழுதக்கூடிய அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வும் கைப்பழக்கத்திற்கு நல்ல தொடக்கமாகும்.

பட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே நிலைபெறச் செய்வது பயிற்சி. இரண்டையும் நம் மக்களுக்குத் தேடித் தருவோமாக.